பாரம் எங்கே உட்கார வேண்டும்?

பினாங்குக் குடியிருப்புகளில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளைப் பலரும் பார்த்திருப்பார்கள். பின்னால் பெரிய பெட்டி, அதற்குள் பெங்காலி ரொட்டி. இருபுறமும் நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள் சரம்சரமாகத் தொங்கும். இத்தனையையும் சுமந்துகொண்டு ஜார்ஜ் டவுன் சந்துகளில் அந்த வண்டி எப்படிச் சாயாமல் வளைகிறது?

விடையின் முதல் பாதி வண்டியிலேயே இருக்கிறது. மலேசியர்கள் 'கப்சாய்' என்று அழைக்கும் சிறு மோட்டார் சைக்கிள்களின் மூதாதை, 1958-ல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப். ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. 2017-க்குள் உலகெங்கும் 10 கோடி சூப்பர் கப் வண்டிகள் தயாராகிவிட்டன. அதன் எஞ்சின் சட்டத்துக்கு அடியில் படுத்த வாக்கில் இருக்கும். பெட்ரோல் டாங்கு இருக்கைக்கு அடியில். கனமானவை எல்லாம் தாழ்வாக அமைந்துவிட்டன.

மறுபாதி, சாமானை வைக்கும் இடத்தில். மொத்த எடையும் ஒரே புள்ளியில் திரண்டதுபோல் நடந்துகொள்ளும் இடத்துக்கு 'ஈர்ப்பு மையம்' என்று பெயர். வண்டி, ஓட்டுநர், சாமான் சேர்ந்து 185 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 கிலோ மூட்டையை மட்டும் 70 செ.மீ. கீழே இறக்கினால், ஈர்ப்பு மையம் ஏழரை செ.மீ. இறங்கிவிடும். மெதுவாக ஊர்ந்து போகும்போது வண்டியை நிமிர்த்திப் பிடிப்பது அந்த அளவுக்கு எளிதாகும்.

முன்பின் இடமும் முக்கியம். அதே 20 கிலோவைப் பின்சக்கர அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் கட்டினால், அது நெம்புகோலாகி முன்சக்கரத்தின் பாரத்தில் ஏறக்குறைய 5 கிலோவைத் தூக்கிவிடும். முன்சக்கரம் இலேசானால் திருப்பத்தில் பிடிமானம் குறையும்.

ஹேண்டிலில் பையை மாட்டினால் வேறொரு சிக்கல். திரும்ப மறுக்கும் குணமான 'சுழல் நிலைமம்', தூரத்தின் வர்க்கமாகப் பெருகும். ஹேண்டில் திரும்பும் அச்சிலிருந்து பை இரு மடங்கு தள்ளிப் போனால், தடை நான்கு மடங்காகும்.

எடை மட்டுமல்ல, காற்றும் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். 1985-ல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் 13.5 கி.மீ. நீளம்; அதில் 8.4 கி.மீ. கடலுக்கு மேலே. அங்கே காற்றுக்கு மறைப்பில்லை. 60 செ.மீ. சதுரப் பெட்டியின் பக்கவாட்டில் மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று மோதினால், சுமார் இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை உண்டாகும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது 10 கிலோ. ரொட்டிபோல் இலேசான சுமைக்கும் பெட்டியின் பரப்பு பொருட்படுத்த வேண்டியதே.

பிரேக் பிடிக்கும்போது கட்டுக்குச் சோதனை. ஒவ்வொரு வினாடியும் வேகம் மணிக்கு 18 கி.மீ. வீதம் குறைந்தால், 20 கிலோ பெட்டி 10 கிலோ விசையுடன் ஓட்டுநரின் முதுகை நோக்கி நகரப் பார்க்கும். ரப்பர் கயிறு நீண்டு கொடுத்துவிடும். நீளாத பட்டை பிடித்து நிறுத்தும். பட்டையின் தொங்கும் நுனி சக்கரத்தில் சுற்றினால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

கடைசி வியப்பு தரையில். பின்டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ., மூன்று தீப்பெட்டிகளைப் பரப்பினால் வரும் அளவு. அதன்மேல் 120 கிலோ நிற்பதற்கு உள்ளே அடைபட்ட காற்றே காரணம். பாரம் கூடும்போது கையேடு சொல்லும் அளவுக்குக் காற்றழுத்தத்தையும் கூட்ட வேண்டும்.

அடுத்த முறை சாமான் ஏற்றும்போது தாழ்வாக, நடுவாக, இருபுறமும் சமமாக வையுங்கள், இறுக்கிக் கட்டுங்கள். புறப்படுமுன் கையால் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அவிழ்த்து மீண்டும் கட்டுங்கள்.