பனிக்கடலில் விழும் விமானி

1939 முதல் 1945 வரை நடந்த போரில், வட அட்லாண்டிக் கடலில் விழுந்த பிரிட்டிஷ் விமானிகளுள் காயமின்றித் தப்பியவர்களும் குளிரால் மாண்டார்கள். காற்றைக் காட்டிலும் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைப் பறித்துவிடும்.

அதற்காக மான்செஸ்டரில் ஷெர்லி ஆய்வுக்கழகத்தார் 'வென்டைல்' என்னும் பருத்தித் துணியை உருவாக்கினார்கள். நனைந்ததும் நூல் பருத்து, நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். வெறும் பருத்திதான்! இத்தகைய உடைகளில் கழுத்தையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிப்பது ரப்பர்ப் பட்டை. பால்மரத்தின் கதை நமக்குத் தெரியாததா?

உடையை எப்படிச் சோதிக்கிறார்கள்? மனமுவந்து முன்வந்த ஒருவர், உள்ளே கம்பளி உடுத்து, மேலே இதை அணிந்து, குளிர்நீர்த் தொட்டியில் இறங்குவார். உடம்பில் வெப்பமானிகள் பொருத்தியிருக்கும். அருகில் மருத்துவர் இருப்பார். உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்கு இறங்கினால் உடனே கரையேற்றிவிடுவார்கள்.

பிறகு தராசு வரும். நீரில் இறங்குமுன் நிறுத்த உடைகளை மீண்டும் நிறுத்து, எவ்வளவு நீர் உள்ளே கசிந்தது என்று கணக்கிடுவார்கள். என் கருத்தில் இதுவே முக்கியமான சோதனை. ஏனெனில் மேலுடை சூடு தருவதில்லை. உள்ளிருக்கும் கம்பளியை உலர்வாக வைத்திருப்பதே அதன் வேலை. அரை லிட்டர் நீர் மார்புப் பக்கம் புகுந்தாலே, குளிரைத் தடுக்கும் ஆற்றலில் சுமார் 30 விழுக்காடு போய்விடும்.