'பிளைட்டி': ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலேயர் தம் தாயகத்தைச் செல்லமாகக் குறிக்கும் பேச்சுச்சொல் 'பிளைட்டி' என்பது. மாணவனாய் இருந்தபோது இதனைத் தூய ஆங்கிலச் சொல் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் இதன் வேர் அரபு மொழியில் உள்ளது. ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதியைக் குறித்த 'விலாயத்' என்னும் அரபுச் சொல், பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே வட இந்தியாவில் பரவி, அயல்நாட்டையும், பின்னர்ச் சிறப்பாக இங்கிலாந்தையும் குறிக்கலாயிற்று. அயல்நாட்டுப் பொருள்களுக்கு 'விலாயதி' என்னும் அடைமொழி சேர்ந்தது. சோடாத் தண்ணீர் 'விலாயதி பானி' ஆயிற்று. நாம் சீமைத்தக்காளி, சீமையெண்ணெய் என்பதும் இம்முறை பற்றியே அன்றோ?

வகரத்தைப் பகரமாக்கிப் 'பிலாயதி' எனவும் மக்கள் வழங்கினர். அதுவே இந்தியாவிற் பணிபுரிந்த ஆங்கிலப் படைவீரர் நாவில் 'பிளைட்டி' எனத் திரிந்தது. 1914இல் மூண்ட முதல் உலகப்போரில் இச்சொல் பெருவழக்குப் பெற்றதோடு, புதியதொரு பொருளும் கொண்டது. உயிரைப் பறிக்காமல், ஊருக்கு அனுப்பிவைக்கப் போதுமான காயத்தையும் வீரர்கள் 'பிளைட்டி' என்றே அழைத்தனர். காயம் படுவதே நற்பேறென ஒருவன் ஏங்கினால், அவன் கண்ட கொடுமைதான் எத்தகையது!

1918 நவம்பர் 11ஆம் நாள், முற்பகல் 11 மணிக்கு, மேற்குப் போர்முனையிற் பீரங்கிகள் ஓய்ந்தன. அந்நாளைப் பற்றிப் படிக்கும்போது, மாணவர்களே, இச்சிறு சொல்லையும் நினைவிற் கொள்ளுங்கள்.