எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை: கூடப் பிறந்தவர் பொருந்தாவிட்டால் என்ன வழி? குடும்பம் எப்படித் தயாராக வேண்டும்?

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா. இவற்றில் ஏதோ ஒன்றுக்காக பதின்ம வயதுப் பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவை என்று முடிவானதும், டாக்டர் பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் சிகிச்சை எந்த வழியில் போகும், எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் காத்திருக்கணும் என்பதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தே இருக்கிறது. இந்தியக் குடும்பங்கள் சிறிதாகிவரும் நிலையில், இன்று பல வீடுகளில் அந்தப் பதில் "ஒரே ஒரு தங்கச்சி" அல்லது "யாரும் இல்ல" என்றுதான் வருகிறது.

அப்போது என்ன வழி? குடும்பம் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்? 20, 30 வயதுகளில் இருக்கும் நாம் இதில் எங்கே வருகிறோம்?

மஜ்ஜை மாற்று என்றால் ஆபரேஷனா?

இல்லை. நோயாளியைப் பொறுத்தவரை இது ரத்தம் ஏற்றுவது போலத்தான் நடக்கும்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றையும் உருவாக்கும் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலை பழுதானால், முதலில் அதிக வீரியமுள்ள கீமோதெரபி கொடுத்து பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. பிறகு கொடையாளரின் ஸ்டெம் செல்களை ஒரு பையில் வைத்து, மார்பில் பொருத்திய குழாய் வழியாக உடலுக்குள் செலுத்துகிறார்கள். அந்த நாளை மருத்துவமனைகளில் 'டே ஜீரோ' என்பார்கள்.

அந்த செல்கள் ரத்த ஓட்டத்தில் போய், தானாகவே எலும்புக்குள் இடம் பிடித்து வளரத் தொடங்கும். இதற்குப் பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். அதுவரை உடலில் நோய் எதிர்ப்பு சக்தி ஏறக்குறைய பூஜ்ஜியம்.

இந்தியாவுக்கு இது புதிய சிகிச்சை இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-லும், வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் தொடங்கிவிட்டது.

25 சதவீதம்: இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

மஜ்ஜை பொருந்த ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது எச்.எல்.ஏ. என்ற புரதங்களை. நம் செல்களின் மேல் இருக்கும் அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளலாம். 'இது நம்ம செல், இது வெளி செல்' என்று நோய் எதிர்ப்பு மண்டலம் பிரித்தறிவது இதை வைத்துத்தான்.

அப்பாவிடம் இந்த மரபணுக்கள் 2 செட், அம்மாவிடம் 2 செட். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். மொத்தம் 4 சேர்க்கைகள் சாத்தியம். ஆக, ஒரு அண்ணனோ தங்கையோ முழுமையாகப் பொருந்த 4-ல் 1, அதாவது 25 சதவீத வாய்ப்பு.

இங்கேதான் குடும்பத்தின் அளவு முக்கியமாகிறது. நோயாளிக்குக் கூடப் பிறந்தவர்கள்:

- 3 பேர் என்றால், ஒருவராவது பொருந்த சுமார் 58 சதவீத வாய்ப்பு
- 2 பேர் என்றால், சுமார் 44 சதவீதம்
- ஒருவர் என்றால், 25 சதவீதம்
- யாரும் இல்லை என்றால், 0

1992-93-ல் நடந்த முதல் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்கு சராசரியாக 3.4 குழந்தைகள். 2019-21 கணக்கெடுப்பில் அது 2.0. அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்திருக்கக்கூடிய கொடையாளரை இன்று வெளியே தேட வேண்டியிருக்கிறது.

சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பங்களில் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ பொருந்தும் வாய்ப்பு சற்று அதிகம். "சொந்தத்துல கல்யாணம் பண்ணீங்களா?" என்று டாக்டர் கேட்டால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே எங்கே தேடுவது?

கொடையாளர் பதிவேடுகளில். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டாத்ரி 2009-ல் தொடங்கப்பட்டது. பெங்களூருவில் டி.கே.எம்.எஸ். இந்தியா இருக்கிறது. உலகம் முழுக்க உள்ள பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை என்பதால் சென்னையில் இருந்துகொண்டே ஜெர்மனியிலும் தேடலாம்.

ஆனால் எச்.எல்.ஏ. வகைகள் வம்சாவளியோடு ஒட்டியவை. இந்தியருக்குப் பொருந்துபவர் பெரும்பாலும் இந்திய வம்சாவளியில்தான் கிடைப்பார். ஜெர்மனியின் மக்கள்தொகை சுமார் 8.4 கோடி. அங்கே பதிவு செய்தவர்கள் சுமார் 1 கோடி. 140 கோடியைத் தாண்டிய இந்தியாவில் இந்த எண்ணிக்கை சில லட்சங்கள்தான்.

பதிவேட்டில் ஆள் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும்? அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வெளியானது. ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்க 75 சதவீத வாய்ப்பு. கறுப்பினத்தவரில் சில பிரிவுகளுக்கு 16 சதவீதம்தான்.

பதிவேட்டிலும் கிடைக்கவில்லை என்றால்?

அப்பா, அம்மா இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பெற்றோர் எப்போதும் பாதிப் பொருத்தம். இதை ஹாப்லோ மாற்று என்கிறார்கள். முன்பு இது ரொம்பவே ஆபத்தான வழி. கொடையாளரின் செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. என்ற பிரச்னை கடுமையாக வரும். செல்களை ஏற்றிய 3, 4-வது நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு மருந்து கொடுக்கும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. இந்தியாவின் பெரிய மையங்களில் இப்போது இது வழக்கமான சிகிச்சை. ஆனாலும் தொற்று ஆபத்து, மருத்துவமனையில் இருக்கும் நாட்கள், செலவு எல்லாமே இதில் பொதுவாகக் கூடுதல்.

குடும்பம் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

ரத்தம்: "நானே குடுக்கிறேன், என் ரத்தத்த எடுத்துக்கோங்க" என்று அப்பாவோ அண்ணனோ முன்வருவது இயல்பு. ஆனால் மாற்று சிகிச்சைக்கு முன் நெருங்கிய உறவினர் ரத்தம் கொடுப்பதை டாக்டர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். அந்த ரத்தத்துக்கு எதிராக நோயாளியின் உடல் பழகிவிட்டால், பிறகு அதே குடும்பத்தின் மஜ்ஜையை நிராகரிக்கலாம். உறவுக்கு வெளியே தட்டணு கொடுக்கத் தயாரான நண்பர்கள், அலுவலகத் தோழர்கள் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தயார் செய்வது நல்லது. தட்டணுவை 5 நாட்களுக்கு மேல் பொதுவாக வைத்திருக்க முடியாது.

எதிர்காலத் தாய்மை, தந்தைமை: வீரியமான கீமோ கருவுறும் திறனைப் பாதிக்கும். பருவமடைந்த பையன் என்றால் விந்தணுவை உறைய வைக்கலாம். பெண் பிள்ளைக்குக் கருமுட்டை அல்லது சினைப்பைத் திசுவைச் சேமிக்கும் வழி இருக்கிறதா என்று கேட்கலாம். 15 வயதுப் பிள்ளை முன்னால் இதைப் பேச வீட்டில் சங்கடப்படுவார்கள். டாக்டரும் அவசரத்தில் விட்டுவிடலாம். ஆனால் கீமோ தொடங்கிய பிறகு இந்த வாய்ப்பு பெரும்பாலும் திரும்பி வராது. அதனால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

வீடு: வெளியூர்க்காரர்கள் மருத்துவமனை பக்கத்திலேயே சில மாதங்களுக்கு வாடகை வீடு பார்க்க வேண்டியிருக்கும். செல்களை ஏற்றிய பிறகு முதல் 100 நாட்கள் முக்கியமானவை. வீட்டில் ஒட்டடை, பூஞ்சை, கட்டுமானத் தூசி இருக்கக்கூடாது. தொட்டிச் செடிகளையும் செல்லப் பிராணிகளையும் தள்ளி வைக்கச் சொல்வார்கள். குடிநீரைக் கொதிக்க வைக்கணும், சாப்பாடு சூடாகச் சமைத்ததாக இருக்கணும். வெளிச் சாப்பாடு கிடையாது.

பள்ளி: 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை வகுப்புக்குப் போக முடியாமல் போகலாம். பொதுத்தேர்வு வருடம் என்றால் பள்ளியிடம் முன்பே பேசிவிடுங்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பு போய்விடுவதால், பெரும்பாலானவற்றைப் பின்னர் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

பணம்: தனியார் மருத்துவமனைகளில் உடன்பிறந்தவரின் மஜ்ஜை என்றாலே 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகலாம். ஹாப்லோ என்றால் 20 லட்சத்தையும் தாண்டலாம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் வரம்பு தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். கோல் இந்தியா நிதியில் 2017-ல் தொடங்கிய தலசீமியா பால் சேவா யோஜனா, தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் 10 லட்சம் வரை தருகிறது. இதற்கு வயது, வருமான நிபந்தனைகள் உண்டு. பிரதமர் நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையின் சமூகப் பணியாளரை முதல் வாரத்திலேயே பார்ப்பது நல்லது.

நாம் என்ன செய்யலாம்?

பதிவு செய்வது எளிது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து மாதிரி கொடுத்தால் போதும். 18 வயது நிரம்பியிருக்கணும். மேல் வரம்பு பதிவேட்டைப் பொறுத்து 50 அல்லது 55.

யாருக்காவது பொருந்தினால், பெரும்பாலும் கையிலிருந்தே ஸ்டெம் செல்களை எடுப்பார்கள். 4, 5 நாட்கள் ஊசி போடுவார்கள். அதனால் உடம்பு வலி, தலைவலி இருக்கும், பிறகு சரியாகிவிடும். அதன் பின் சில மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து உட்கார வேண்டும். சில சமயம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பார்கள். முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும்.

கடினமான பகுதி, போன் வரும்போது சரி என்று சொல்வதுதான். அது கல்லூரி முகாமில் பெயர் கொடுத்து 6 வருடம் கழித்து வரலாம். அப்போது நம்பர் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், வீட்டில் "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்பார்கள். பொருத்தம் கிடைத்த பிறகு கொடையாளர் விலகினால் அந்தக் குடும்பம் தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நோயாளிக்கு கீமோ தொடங்கிய பிறகு விலகினால் நிலைமை இன்னும் மோசம். பழைய மஜ்ஜை அழிந்துவிட்டது, புதியது வரவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து.

எனவே பதிவு செய்வதற்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள். சந்தேகம் இருந்தால், இப்போதே வேண்டாம் என்று சொல்வது தவறில்லை. ஏற்கெனவே பெயர் கொடுத்தவர்கள் பதிவேட்டில் இருப்பது இப்போதைய போன் நம்பர்தானா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.