தாமதம் தெருவிலா, வீட்டிலா?

'நெட் வரவில்லை' என்ற புகார் ஒலிக்காத வீடு இன்று அபூர்வம். அடியோடு வரவில்லை என்றாலாவது மனம் ஒருவாறு ஆறிவிடும். வருகிறது, ஆனால் ஊர்ந்து வருகிறது என்பதுதான் பொறுக்க முடியாத விஷயம். திரையில் பாடம் நடத்தும் உபாத்தியாயர் திறந்த வாயோடு அப்படியே நின்று விடுகிறார். பின் அறையில் பரீட்சைக்குப் படிக்கும் பெண் பாதிக் கணக்கோடு தவிக்கிறாள். குடும்பத் தலைவர் கம்பெனிக்குப் போன் செய்கிறார். "பெரிய பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள், ஸார்!" என்று யோசனை வருகிறது. மாறுகிறார். மாதந்தோறும் கூடுதலாக ஒரு தொகை கையை விட்டுப் போகிறது; பின் அறையிலோ பழைய கதைதான்.

மாதச் சம்பளத்தில் காலக்ஷேபம் செய்யும் குடும்பங்களுக்கு இது அற்ப விஷயமன்று. ஆகையால், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் தாமதம் எங்கே உண்டாகிறது என்று கண்டறியும் உபாயத்தை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நம் வீட்டுக்கு இணையம் இரண்டு பாதைகளில் வருகிறது. தெருவிலிருந்து ரூட்டர் என்னும் பெட்டி வரையில் கம்பி. பெட்டியிலிருந்து கைப்பேசி வரையில் வைஃபை என்னும் கம்பியில்லா அலை. நாம் விலை கொடுத்து வாங்கும் பிளான் முதற் பாதைக்கே உரியது. தெருக் குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தாலும், வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டிருந்தால் குடம் நிரம்புமா?

எந்தக் குழாயில் அடைப்பு என்பதை அரை மணியில் அறிந்துவிடலாம். வீட்டிலுள்ள மற்றக் கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, ஒரு லாப்டாப்பை லான் கேபிளால் ரூட்டரோடு இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றி, பெட்டியின் அருகிலேயே வைஃபையில் அளவுங்கள். கடைசியாகப் பின் அறையில் அளவுங்கள். மூன்று எண்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளில் பிளானுக்கு ஏற்ற வேகம் இருந்து, பின் அறையில் மட்டும் குறைந்தால், குற்றம் கம்பெனியுடையதன்று, நம் சுவர்களுடையது. அந்நிலையில் எத்தனை பெரிய பிளான் வாங்கினாலும் பிரயோஜனமில்லை.

இங்கே ஒரு கணக்கையும் நினைவில் வைக்கவேண்டும். கம்பெனி சொல்வது மெகாபிட் கணக்கு. நாம் இறக்கும் படங்களும் புத்தகங்களும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 40 மெகாபிட் பிளானில் விநாடிக்கு 5 மெகாபைட்டுக்குமேல் வராது. இதை மோசடி என்று கோபித்துப் பயனில்லை. தெளிவான வீடியோ ஒன்றுக்குச் சுமார் 5 மெகாபிட் போதும். எனவே சிறு குடும்பத்துக்கு 40 என்பது தாராளமே.

மிகக் குறுகிய மின்காந்த அலைகளைச் சுவர்களைத் தாண்டச் செய்து, அப்பாலிருந்த மணியை ஒலிக்க வைத்து, 1895-இல் கல்கத்தாவில் வியப்பு விளைத்தவர் ஆசாரிய ஜகதீச சந்திர போஸ். வைஃபை அலையும் சுவரைத் தாண்டும். ஆனால் தாண்டுந்தோறும் இளைக்கும். மரக் கதவு அதற்குப் பொருட்டன்று. இரும்புக் கம்பி பாய்ச்சிய கான்கிரீட், இரும்பு பீரோ, ரசம் பூசிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவையே பரம சத்துருக்கள். நாமோ பெட்டியை எங்கே வைக்கிறோம்? வாசற்படி ஓரத்திலே, டெலிவிஷனுக்குப் பின்னாலே, பீரோவுக்குமேல் பழைய சாமான்களுக்கு நடுவிலே! வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் அதை வைத்தால் செலவில்லாமலே பாதி வியாதி தீர்ந்துவிடும்.

பெரும்பாலான பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இருவகை அலைகளை வீசும். முன்னது அதிகத் தூரம் போகும். பின்னது வேகம் மிக்கது, ஆனால் சுவர்களிடம் சீக்கிரம் தோற்றுவிடும். எனவே பெட்டியுள்ள அறையில் 5, தூரத்து அறையில் 2.4 என்று பயன்படுத்துவது நலம். 2.4-ஐ லைசென்ஸ் இன்றி எவரும் பயன்படுத்தலாம் என்று 2005-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அதனால், அடுக்குமாடி வீடுகளில் அண்டை அயலார் அனைவரின் அலைகளும் அங்கே முட்டி மோதுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைகிறது. ரூட்டரின் அமைப்பில் 1, 6, 11 என்னும் சானல்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை.

வகுப்பில் ஒரு சமயத்தில் ஒரு மாணவன்தான் பேசலாம். வைஃபையிலும் ஒரு சானலில் அப்படியே. தூரத்து மூலையிலுள்ள பழைய கருவி ஒன்று தடுமாறித் தடுமாறிப் பேசினால், மற்றவர்களின் நேரமும் வீணாகிறது. ஆகவே அசையாத டெலிவிஷனுக்கும் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் கேபிளே போட்டுவிடுங்கள். அலையை வாங்கி மீண்டும் வீசும் ரிப்பீட்டர் வாங்குவோர், அலையே எட்டாத அறையில் அதை வைப்பது வீண். பாதி வழியில் வைக்கவேண்டும். அப்போதும் வாங்குவதும் வீசுவதும் ஒரே அலைவரிசையானால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். பின் அறை வரையில் ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு பெட்டி வைப்பதே சிறந்த வழி.

கேபிளில் அளந்தபோதே வேகம் குறைவாயிருந்தால்? கேபிளை மாற்றியும், பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்டும் பாருங்கள். காலையில் நன்றாயிருந்து, ஊரார் அனைவரும் படம் பார்க்கும் இரவு வேளையில் மட்டும் படுத்துவிடுகிறதா? தேதி, மணி, வேகம் மூன்றையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். "நெட் சரியில்லை" என்னும் புலம்பலுக்குப் பதில் சொல்லித் தப்புவது எளிது. தேதியிட்ட கணக்குக்கு அவ்வாறு தப்ப முடியாது. பெரிய பிளானைப்பற்றி யோசிக்க அதன் பிறகும் அவகாசம் இருக்கிறது.