ஆடியவர் ஆசானாகும்போது

கற்றவர் எல்லோரும் கற்பிக்க வல்லவராதல் இல்லை. ஆசிரியராதற்குத் தகாதவரை விளக்கப் புகுந்த நன்னூலார், பருத்தி அடைத்த குடுக்கையையும் உவமையாகக் காட்டினார். உள்ளே நிறைய இருப்பினும் எளிதில் வெளியே வாராது என்பது கருத்து. இவ்வுண்மை ஏட்டுக் கல்விக்கு மட்டுமன்றி ஆடுகளத்துக்கும் பொருந்தும். முத்தையா முரளிதரன் அவர்களின் வாழ்வைக் கொண்டு இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1972 இல் கண்டியிற் பிறந்த முரளிதரன், கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார். பதினான்கு வயதளவில் அவரைச் சுழற்பந்தின் பக்கம் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அவ்வொரு சொல் விளைத்த பயனை உலகம் அறியும். 1992 இல் டெஸ்ட் அரங்கிற் புகுந்தவர், 2010 யூலையில் காலியில் விடைபெற்றபோது 133 போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். இடையே இடரும் நேர்ந்தது. 1995 இல் மெல்பேண் நகரில் அவர் வீச்சு முறையற்றதென நடுவர் மீண்டும் மீண்டும் அறிவித்தார். பிறவியிலேயே முற்றும் நிமிராத அவர் முழங்கையை ஆய்வுகூடங்கள் அளந்து பார்த்தன. வசையும் ஓயவில்லை, அவர் பயிற்சியும் ஓயவில்லை.

அந்த முழங்கையும் நெகிழ்ந்த மணிக்கட்டும் இயற்கையின் கொடை. அவற்றைப் பிறர்க்கு ஈதல் இயலாது. அங்ஙனமாயின் பயிற்றுநராகிய பின் அவர் ஈயத்தக்கவை யாவை? நினைத்த இடத்திற் பந்தை விழச்செய்யும் பொறுமை, துடுப்பாட்டக்காரரின் காலசைவைக் கூர்ந்து நோக்கும் பழக்கம், பந்து எல்லைக்கு அப்பாற் பறந்த பின்னும் அஞ்சாது அடுத்ததை வீசும் உறுதி ஆகியனவே. இவை ஒருநாளிற் கைவருவன அல்ல.

2014 இலும் 2016 இலும் அவுஸ்திரேலிய அணியினர் குறுகிய காலத்துக்கு அவர் ஆலோசனையைப் பெற்றனர். எனினும் முன்னதில் பாகிஸ்தானிடம் இரண்டு டெஸ்ட் போட்டிகளிலும், பின்னதில் இலங்கையிடம் மூன்றிலும் தோற்றனர். மாறாக, 2015 முதல் இந்தியாவின் ஐ.பி.எல். தொடரில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்றுநராகப் பருவந்தோறும் உடனிருந்தார். அவ்வணி 2016 இல் வெற்றிக் கிண்ணத்தை வென்றது. வெற்றிக்குக் காரணங்கள் பல உளவேனும், ஆசான் அருகிருத்தலின் அருமை இதனால் ஒருவாறு விளங்கும்.

இனி நமது களத்துக்கு வருவோம். நாம் தமிழ் கற்பிப்போர். மாலையில் எல்லைக்கோட்டருகே நின்று பார்ப்பதன்றிக் கிரிக்கெட் நுணுக்கம் அறியோம். வன்னியின் ஒழுங்கைகளில் மென்பந்தால் ஆடிப் பழகிய சிறுவன், கல்லூரியிற் கடினப் பந்தைக் கையிலெடுத்ததும் தடுமாறுகிறான். வேகமாக வீச முயன்று களைத்துப்போகும் ஒருவனை அண்மையிற் கண்டோம். பந்து அவன் விரலிடையே தானாகச் சுழல்கிறது. அவனுக்குக் கூறவேண்டிய சொல் ஒன்று உண்டென உணர்ந்தோம். அது யாதெனக் கூற நமக்கு அறிவு போதவில்லை.

அச்சொல்லை அறிந்த பழைய மாணவர் நம்மிடையே உளர். பரிசளிப்பு விழாவன்று ஒருநாள் வந்து வாழ்த்திச் செல்வது நன்று. வாரம் ஒரு மாலையேனும் ஒரு பருவம் முழுதும் வந்து நிற்பது அதனினும் நன்று. யூபிலி ஆண்டில் கல்லூரி அவர்களிடம் வேண்டும் காணிக்கை அதுவே.