கூர்முனை இல்லாத எழுத்து

ஒரு வெள்ளைத்தாளில் 1 செ.மீ. பக்கமுள்ள கறுப்புச் சதுரம் ஒன்றை வரைந்து சுவரில் ஒட்டுங்கள். பிறகு மெல்லப் பின்னால் நடந்து செல்லுங்கள். பதினைந்து மீட்டர் தூரத்தில் அது சதுரமா வட்டமா என்ற ஐயம் உங்களுக்கு எழும். மூலைகள் எங்கே போயின?

நம் கண் ஒரு புள்ளியை விழித்திரையில் புள்ளியாகவே விழச் செய்வதில்லை. சிறு வட்டமாகப் பரப்பிவிடுகிறது. கண்பாவையில் நிகழும் ஒளியின் விளிம்பு விளைவு இதற்கு ஒரு காரணம். கண்வில்லையின் குறைகள் மற்றொன்று. இந்தப் பரவலில் முதலில் அழிபவை மூலைகளும் மெல்லிய கோடுகளும்தாம்.

அப்படியானால், தொடக்கத்திலேயே மூலைகளை மழித்து, கோடுகளைத் தடிப்பாக்கி ஓர் எழுத்தை அமைத்தால் என்ன? சிக்காகோ நகரில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922-இல் வெளியான 'கூப்பர் பிளாக்' என்னும் ஆங்கில அச்செழுத்து ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். மாவை உருட்டிச் செய்தாற்போன்ற உருவம். எந்த முனையிலும் கூர்மை கிடையாது. இழப்பதற்கு மூலையே இல்லாததால் அருகிலும் தொலைவிலும் அதன் தோற்றம் அதிகம் மாறுவதில்லை. விளம்பரக்காரர்கள் அதை விரும்பியதில் வியப்பென்ன?

இன்னொரு வசதியும் உண்டு. தட்டையான அடியுள்ள எழுத்துகளை வரிசையாக ஒட்டும்போது, ஒன்று அரை மி.மீ. இறங்கினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். கூப்பர் பிளாக்கின் அடிப்பகுதியோ வளைந்தது. கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்பதால் சிறு பிழைகள் மறைந்துவிடுகின்றன. 1970-களில் அமெரிக்காவில் பனியன்கள்மீது இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி ஒட்டும் எழுத்துகளாக இது பரவியதற்கு இப்பொறுமைக் குணமும் உதவியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1966-இல் பீச் பாய்ஸ் குழுவினரின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையிலும், 1995-இல் பிரிட்டனில் தொடங்கிய ஈஸிஜெட் விமானங்களிலும் இடம்பெற்றது இதே எழுத்துதான்.

ஆனால் தடிப்புக்கு ஒரு விலை உண்டு. கோடு பருக்கப் பருக்க எழுத்தின் உள்ளிருக்கும் வெள்ளை இடம் குறுகுகிறது. நல்ல பார்வையுள்ள கண்ணால் சுமார் ஒரு கலை கோணத்தை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறிய முடியும். 10 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 3 மி.மீ. ஆகவே சுவரொட்டியில் சிறிய 'ஈ' எழுத்தின் உள் இடைவெளி 3 மி.மீ.க்குக் குறைந்தால், 10 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பவருக்கு அந்த வெண்மை கறுப்பில் கரைந்துபோகும். சிறிய அளவில் அச்சிடும்போது மை கசிந்து பரவுவதும் சேர்ந்துகொள்ளும்; கையருகே வைத்துப் படித்தாலும் தொல்லைதான்.

கடைப் பெயர்ப் பலகையில் இதனால் பெரிய நட்டமில்லை. ஓரெழுத்து மங்கினாலும் சொல்லை ஊகித்துவிடலாம். எண்களை ஊகிக்க முடியுமா? மருந்துப் புட்டியின் சீட்டில் 3 மில்லியா, 8 மில்லியா என்பதைக் காட்டுவது அந்தச் சிறு வெள்ளை இடைவெளிதான். அந்த இடத்தில் பொடி அளவில் இவ்வெழுத்தைக் கோக்க யாராவது முன்வந்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.