ஒரே ஊரில் 2,488 மரியா கார்சியா!

"மரியா கார்சியா யாரும்மா?" என்று நர்ஸ் கூப்பிட்டால் எத்தனை பேர் எழுந்திருப்பார்கள்?

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம். அங்குள்ள ஹாரிஸ் கவுண்டி அரசு ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் பதிவு பற்றி 2011-ல் ஒரு கணக்கு வெளியானது. தலை சுற்ற வைக்கும் கணக்கு! மரியா கார்சியா என்ற பெயரில் மட்டும் 2,488 பேர். அதில் 231 பேருக்குப் பிறந்த தேதியும் இன்னொரு மரியாவோடு ஒத்துப்போனது!

உயிருக்கே ஆபத்து

பெயர்தானே என்று நினைக்காதீர்கள். ஆள் மாறினால், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே ஊசியைப் போட்டுவிடுவார்கள்.

ஒருவருக்கே இரண்டு பதிவு இருந்தாலும் தொல்லைதான். எச்சரிக்கை ஒன்றில் இருக்கும். டாக்டர் பார்ப்பது மற்றதாக இருக்கும்!

உள்ளங்கை சொல்லும்

இதற்காக அங்கே ஒரு கருவி வைத்தார்கள். உள்ளங்கையைக் காட்டினால் போதும். தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக் குழாய்களைப் பார்த்து, 'வந்திருப்பது இந்த மரியா' என்று சொல்லிவிடும்.

ஆனால், பழைய குப்பையைக் கருவி கூட்டாது. முகவரி, போன் நம்பர், முன்பு பார்த்த வைத்தியம் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க ஆள் உட்கார வேண்டும்.

அவசரப்பட்டு இரண்டு மரியாவை ஒன்றாக்கிவிட்டால்? அப்புறம் பிரிப்பது ரொம்பக் கஷ்டம்!